ஆன்லைன் வீடியோவுக்கு ஒலி லெவல்: தேர்வுக்கு நான் படித்த முறை

எங்கள் எடிட்டிங் படிப்பில் ஒலிக்கென்று தனியாக ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. ஒரு பேச்சுப் பதிவு, கொஞ்சம் இசை, கொஞ்சம் சூழல் ஒலி கொடுத்துவிட்டு, இணையத்தில் ஏற்றும் நிலைக்கு முடித்துத் தரச் சொல்வார்கள். அதற்கு நான் தயாரான விதத்தை இப்போது படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தேர்வு இல்லாமல் சொந்தமாக வீடியோ போடுகிறவர்களுக்கும் இதே வேலைதான். பார்ப்பவர் வால்யூம் பட்டனைத் தொடாமல் கடைசிவரை கேட்க வேண்டும்.

முதலில் உச்ச அளவு வேறு, சத்த அளவு வேறு என்பது மனதில் பதிய வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் 0 என்பது கூரை. அதற்கு மேல் இடமே கிடையாது, மிஞ்சிய அலை வெட்டுப்பட்டு கரகரப்பாகிவிடும். அதனால்தான் எல்லா எண்களும் மைனஸில் வருகின்றன. 16 பிட் பதிவுக்குக் கோட்பாட்டளவில் 96 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள தூரம்) உண்டு, 24 பிட்டுக்கு 144. பிட் ஒன்றுக்குச் சுமார் 6 டெசிபல் என்று நினைவில் வைத்தால் போதும். 24 பிட்டில் இவ்வளவு இடம் இருக்கும்போது பதிவிலேயே கூரையை முட்ட வேண்டிய அவசியம் இல்லை. பேச்சின் உச்சங்கள் -12 பக்கம் நின்றால் நிம்மதியாக வேலை செய்யலாம். யாராவது திடீரென்று சிரித்தாலும் பதிவு தப்பிக்கும்.

ஆனால் உச்சத்தை வைத்து, காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு கைதட்டலும் ஒரு நிமிடப் பேச்சும் ஒரே உச்சத்தைத் தொடலாம், காதுக்கு இரண்டும் ஒன்றாக இருக்காது. இதற்காகத்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பிஎஸ் 1770 என்ற அளவீட்டு முறையைக் கொண்டுவந்தது. லஃப்ஸ் என்று நாம் சொல்லும் அலகின் அடிப்படை அதுதான். ஒலியை 400 மில்லிசெகண்ட் துண்டுகளாக எடுத்து, காதின் இயல்புக்கு ஏற்ப எடைபோட்டுச் சராசரி பார்க்கிறது. -70-க்குக் கீழே இருக்கும் துண்டுகள் கணக்கில் வராது. மீதியின் சராசரியைவிட 10 குறைவாக இருப்பவையும் விலக்கப்படும். துண்டுகளை வடிகட்டும் இந்த இரண்டு வாசல்களையும் நன்றாகப் படித்துவையுங்கள். நடுவில் பத்து விநாடி அமைதி விட்டால் மொத்த அளவு குறையுமா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், குறையாது என்று காரணத்தோடு சொல்லலாம்.

அப்புறம் இலக்கு எண்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர் 128 தொலைக்காட்சிக்கு -23 லஃப்ஸ் என்கிறது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் -16 கேட்கிறது. யூடியூப் சுமார் -14-ஐ மையமாக வைத்து, அதைவிடச் சத்தமானதைக் குறைக்கிறது, மெதுவானதை அப்படியே விட்டுவிடுகிறது. -24-இல் ஏற்றினால் மெதுவாகவே போய்ச் சேரும். -8 வரை நசுக்கி ஏற்றினால் 6 டெசிபல் இறக்கப்பட்டு, நசுங்கிய குரல் மட்டும் மிஞ்சும்.

இந்த எண்ணை எட்டுவது கடினமே இல்லை, மென்பொருள் ஒரு சொடுக்கில் செய்துவிடும். கடினமானது அதற்கு முந்தைய வேலை, அதாவது மெதுவான இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சரியாக வைப்பது. நல்ல அரங்கில் அந்தத் தூரம் பெரிதாக இருந்தால் அழகு. கையில் போனோடு இரைச்சலுக்கு நடுவே கேட்பவருக்கோ மெதுவான பாதி காணாமலே போய்விடும். இந்தத் தூரத்தை மீட்டரில் லவுட்னெஸ் ரேஞ்ச் என்று காட்டும். பேச்சு வீடியோவுக்கு அது 5 முதல் 8-க்குள் இருப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. அதற்கும் கீழே போனால் குரலில் உயிர் இருக்காது.

சத்தமான இடங்களைத் தானாக இறக்கும் கருவியான கம்ப்ரெசரைத் தொடுவதற்கு முன் கையால் செய்யுங்கள். நான் அதிக நேரம் கொடுத்துப் பயிற்சி செய்தது இதைத்தான். டைம்லைனில் வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, இறங்கிய இடங்களை 2, 3 டெசிபல் ஏற்ற வேண்டும், துள்ளிய சொற்களை இறக்க வேண்டும். தமிழ்ப் பேச்சில் வினை கடைசியில் வருகிறது, பேசுகிறவரின் மூச்சும் அங்கேதான் தீர்கிறது. ‘செய்யலாம்’ என்றாரா ‘செய்யக்கூடாது’ என்றாரா என்பதே கேட்காமல் போகும். வாக்கியத்தின் வாலைத் தூக்கிவிடுவதற்கு இணையான வேலை எந்தக் கருவியிலும் இல்லை என்றே சொல்வேன்.

இதை முடித்த பிறகு கம்ப்ரெசருக்கு மிச்சம் கொஞ்ச வேலைதான். ஆனாலும் அதன் கணக்கைத் தாளில் போட்டுப் பழகுங்கள். த்ரெஷோல்ட் (சுருக்கம் தொடங்கும் எல்லை) -20, ரேஷியோ (சுருக்கும் விகிதம்) 4-க்கு 1, உள்ளே வரும் ஒலி -8 என்று வையுங்கள். எல்லையைத் தாண்டிய 12 டெசிபல் 3 ஆகச் சுருங்கும், வெளியே வருவது -17, அதாவது 9 டெசிபல் குறைந்துவிட்டது. இப்போது மொத்த ஒலியையும் ஏற்றும் மேக்கப் கெயினில் அந்த 9-ஐத் திருப்பிக் கொடுத்தால், பேச்சின் இடைவெளியில் இருக்கும் ஃபேன் சத்தமும் 9 டெசிபல் ஏறும். இது புரிந்துவிட்டால் வேலையின் வரிசையும் தானாகப் புரியும். இரைச்சலை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலையும் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காதுக்குச் சரியாக எட்டாத அந்த உறுமலே கம்ப்ரெசரை இயக்கிக்கொண்டிருக்கும். நான் 3-க்கு 1, அட்டாக் (சுருக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (சுருக்கத்தை விட எடுக்கும் நேரம்) 100 என்று தொடங்குவேன். மீட்டரில் 3, 4 டெசிபலுக்கு மேல் குறைப்பு தெரிந்தால் த்ரெஷோல்டை மேலே தூக்குவேன்.

பின்னணி இசைக்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டல், பேச்சைவிடப் பின்னணி குறைந்தது 20 டெசிபல் கீழே இருக்கச் சொல்கிறது. காது மந்தமானவர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது, ஆனால் எல்லோருக்கும் பயன்படுகிறது. பலருக்கு இசை போதாதது போலத் தோன்றும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மோனோ, அதாவது ஒற்றைச் சேனல் ஒலி விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே பதிவை மோனோவாக அளப்பதற்கும், இரண்டு சேனலிலும் வைத்து ஸ்டீரியோவாக அளப்பதற்கும் 3 டெசிபல் வித்தியாசம் வரும். எந்த வடிவத்தில் ஒப்படைக்கிறீர்களோ அந்த வடிவத்திலேயே அளங்கள்.

காதுக்கான பயிற்சி தனி. ஹெட்ஃபோன் வால்யூமை ஓர் இடத்தில் குறித்துவைத்து, வேலை முடியும்வரை மாற்றாதீர்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு அடி ஒலிகள் அதிகமாகக் குறைந்து கேட்கும் என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். வால்யூம் மாறினால் நம் தீர்ப்பும் மாறிவிடும். கடைசியில் ஒருமுறை போனின் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும். தினமும் ஏதாவது வீடியோவை எடுத்து, அது எவ்வளவு சத்தம் என்று முதலில் ஊகித்து, பிறகு மீட்டரில் பார்ப்பேன். சத்த அளவு காட்டும் மென்பொருளான யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். கணினியில் யூடியூப் வீடியோமேல் வலது சொடுக்கி ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் கன்டென்ட் லவுட்னெஸ் என்று ஓர் எண் தெரியும். அது 3 என்றால் அந்த வீடியோ 3 டெசிபல் கூடுதல் சத்தம், அதனால் 71 சதவீத அளவுக்குக் குறைத்து ஒலிக்கிறது என்று அர்த்தம்.

தேர்வில் எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து முழுதாக அளக்க நேரம் ஒதுக்குங்கள். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) -1-க்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் ஏஏசி போன்ற கோப்புச் சுருக்கத்தில் அலையின் வடிவம் மாறி உச்சம் இன்னும் உயரலாம். இலக்கு -14, கோப்பு -16.2 காட்டுகிறது என்றால் 2.2 டெசிபல் கூட்டிவிட்டு உச்சத்தைப் பாருங்கள். தாண்டினால், உச்சத்தை ஓர் எல்லைக்கு மேல் விடாத லிமிட்டர் போடலாம். அது 3 டெசிபலுக்கு மேல் அழுத்துகிறது என்றால் கைவேலை இன்னும் மீதி இருக்கிறது. டைம்லைனுக்குத் திரும்பிப் போய், துள்ளும் அந்த நாலைந்து சொற்களைத் தேடி இறக்குங்கள்.