ஒரு குதிரையும் ஒரு நோட்டுப் புத்தகமும்: மகளின் பராமரிப்புப் பதிவேடு உருவான விதம்

கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையே உள்ள எங்கள் தென்னந்தோப்பில் ஒரு பெண் குதிரை இருக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் என் மாமனார் வாங்கி வந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியில், ஏதேனும் ஒரு விலங்கை ஓர் ஆண்டு முழுவதும் பராமரித்து, அதற்கான பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னபோது, அவள் யோசிக்காமல் குதிரையைத் தேர்ந்தெடுத்தாள். வெறும் நாட்குறிப்பாக எழுதினால் போதும் என்றுதான் நாங்கள் முதலில் எண்ணினோம். எங்கள் கால்நடை மருத்துவர்தான் அமெரிக்காவில் 4-எச் என்ற இளைஞர் அமைப்பின் பிள்ளைகள் எழுதும் பதிவேட்டைப் பற்றி எடுத்துச் சொன்னார். ஆண்டுத் தொடக்கத்தில் இலக்கு, விலங்கின் அடையாளம், தீவனம், உடல்நலம், வரவு செலவு, கடைசியில் பிள்ளை தன் சொந்த நடையில் எழுதும் அனுபவம் என்ற அந்த வரிசையையே நாங்களும் பின்பற்றினோம்.

அடையாளப் பக்கம் எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அதற்கே பல நாள் பிடித்தது. நிறம், வயது, உயரம், நெற்றி வெள்ளை, எந்தக் காலில் எவ்வளவு தூரம் வெள்ளை என்பவற்றோடு, குதிரையின் இரு பக்க உருவத்தையும் வரைந்து, சுழிகள் இருக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். சந்தையில் சுழி பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இன்ன சுழி குடும்பத்துக்கு ஆகும், இன்னது ஆகாது என்று என் மாமனாருக்கு மனப்பாடம். ஆனால் நெற்றியிலும் கழுத்திலும் விலாவிலும் சுழிகள் அமையும் விதம் குதிரைக்குக் குதிரை வேறுபடுவதால், பல நாடுகளின் குதிரை அடையாளச் சான்றுகளிலும் அவற்றைக் குறிக்கிறார்கள். தாத்தா விரலால் தொட்டுக் காட்ட, பேத்தி படத்தில் பெருக்கல் குறி இட்ட அந்தப் பக்கம்தான் பதிவேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

எடைக்கு எங்களிடம் தராசு இல்லை. முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையிலான நீளத்தையும் தையல் நாடாவால் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தாலும் பெருக்கி, வந்த தொகையை 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் 302 கிலோ. துல்லியம் சற்றுக் குறைந்தாலும், மாதந்தோறும் ஒரே ஆள், ஒரே நாடாவால், ஒரே நேரத்தில் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெளிவாகத் தெரியும். இதனுடன், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா, பிடரியிலும் வால் அடியிலும் கொழுப்பு எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடும் முறையையும் சேர்த்துக்கொண்டோம். இது 1983-இல் ஹெனெக்கே என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட முறை.

தீவனப் பக்கத்தில்தான் பதிவேடு தன் உண்மையான பயனைக் காட்டியது. குதிரைக்குத் தன் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம் உலர் எடையில் நார்த்தீவனம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 300 கிலோ குதிரைக்கு அது நாலரைக் கிலோ. பசும்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் இருபது கிலோவுக்கும் மேல் புல் போட வேண்டியிருக்கும். ஆகவே "ஒரு கட்டு" என்று எழுதாமல் கட்டை எடை போட்டு எழுத வேண்டும் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மழைக்காலத்துக்கு முன்பு மருத்துவர் அந்தப் பக்கங்களைப் புரட்டியவர், கோ-4 புல்லும் கோதுமைத் தவிடும் கொள்ளும் மட்டுமே மாறி மாறி எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நிறுத்தினார். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் தடுக்கும்; தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்து நெடுநாள் தொடர்ந்தால் குதிரையின் எலும்பு தேய்ந்து, முக எலும்பு வீங்கி, கால் நொண்டும். மாட்டுக்கு ஆகும் தீவனம் குதிரைக்கும் ஆகும் என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் பரவலாக உண்டு. அசைபோடும் மாட்டின் வயிறு ஆக்சலேட்டைப் பெருமளவு சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டைக் குறைத்து, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரை மசால் என்ற பசுந்தீவனப் பயிரைச் சேர்க்கத் தொடங்கினோம். எழுதி வைத்திராவிட்டால், "புல்லும் தவிடும் நன்றாகத்தான் போடுகிறோம்" என்று சொல்லிக் கடந்திருப்போம்.

தீவன மூட்டையின் சீட்டையும் கிழித்து ஒட்டும்படி மருத்துவர் சொன்னார். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு உயிர்க்கொல்லி. கோழிப் பண்ணைகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் மூட்டை மாறுவதற்கு எப்போதும் வாய்ப்பு உண்டு.

உடல்நலப் பக்கத்தை வெயில் ஏறுவதற்கு முன் நிரப்புவது வழக்கம். ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். எங்கள் குதிரைக்கு நாடி வழக்கமாக 36 என்பது, நலமாக இருந்த நாட்களில் சலிக்காமல் எழுதியதால்தான் தெரிந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் அது தீவனத்தில் வாய் வைக்காமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மருத்துவர் தொலைபேசியில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மகளே நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள்: கடைசியாக லத்தி போட்டது முந்தின நாள் மாலை, இரண்டு நாளாகத் தண்ணீர் வழக்கத்தில் பாதி, நாடி 52. வயிற்று அடைப்பாக இருக்கலாம் என்று கருதி அவர் உடனே புறப்பட்டு வந்து, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித் திரவப் பாரஃபின் கொடுத்தார். மறுநாள் லத்தி போட்ட நேரத்தை மகள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்.

குடற்புழு மருந்தை நாள் கணக்குப் பார்த்துக் கொடுப்பதை விட்டு, லத்தியைப் பரிசோதித்து ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று பார்த்த பிறகு கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பரிசோதித்தால் மருந்து வேலை செய்ததா என்பதும் தெரிந்துவிடும். டெட்டனஸ் தடுப்பூசிக்குத் தேதியோடு குப்பியின் தொகுதி எண்ணையும் எழுத வேண்டும். குளம்பு திருத்துவதற்கு ஆறு முதல் எட்டு வார இடைவெளி என்று குறித்திருந்தோம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் லாடக்காரப் பெரியவர் ஒவ்வொரு முறையும், "போன தடவை எப்ப வந்தேன், பாத்துச் சொல்லு அம்மிணி" என்று கேட்டுவிட்டுத்தான் உளியை எடுப்பார்.

கேரளத்து மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், மருந்துக்கடை ரசீது மலையாளத்தில், தீவனக் கடைப் பில் தமிழில் என்று வந்தவற்றையெல்லாம் மூலத்தை ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதினோம். செலவுக் கணக்கில், தோப்பில் விளைந்த புல்லுக்கும் சந்தை விலை போட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அது இலவசம் என்று விட்டால் குதிரை வளர்க்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

மதிப்பீட்டுக்கு வந்த ஆசிரியர் அழகான பக்கங்களைத் தாண்டி, விட்டுப்போன நாட்களைப் பற்றித்தான் கேட்டார். பரீட்சை வாரத்தில் தாத்தா பார்த்துக்கொண்டதையும், அந்த நாட்களுக்கு நாடிக் கணக்கு இல்லை என்பதையும் மகள் அங்கேயே எழுதி வைத்திருந்தாள். கற்பனையாக எண்களை நிரப்பாததற்காக ஆசிரியர் அவளைப் பாராட்டி, உடற்பயிற்சிக்குத் தனிப் பக்கம் இல்லாததைக் குறையாகக் குறித்தார். அது நியாயமான குறைதான். புதிய நோட்டில், சென்ற ஆண்டின் கடைசி எடைக்குக் கீழே, நடையும் ஓட்டமும் நிமிடக் கணக்கில் எழுதுவதற்கு இப்போது ஒரு பத்தி போட்டிருக்கிறாள்.