டெல்பிரிட்ஜ் தீவுகள்: அட்டை மாதிரி, இதுவரை

அண்டார்டிகாவில் ராஸ் தீவின் இவான்ஸ் முனைக்குத் தெற்கே ஆளில்லாப் பாறைத் தீவுகள் நான்கு: இன்னாக்செசிபிள், டென்ட், பிக் ரேசர்பேக், லிட்டில் ரேசர்பேக். இவற்றை அட்டை அடுக்கிச் செய்யும் மாதிரியின் அளவு 1:10,000. 1 மி.மீ. அட்டைக்கு 10 மீட்டர் உயரம். குத்துயரத்தை மிகைப்படுத்தவில்லை, செங்குத்தான இன்னாக்செசிபிள்கூட 95 மீட்டர்தான், மாதிரியில் 9.5 மி.மீ.

உயரத் தரவு ரீமா (செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவாக்கிய அண்டார்டிக உயர வரைபடம்), 2 மீட்டர் கட்டம். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் திறந்தவுடனே சமவுயரக் கோடு போடக் கூடாது. ரீமாவின் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து அளந்தவை அல்ல, பூமியின் வடிவத்துக்கான கணித உருவமான டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்திலிருந்து அளந்தவை. இந்தப் பகுதியில் கடல் அதற்கு 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. 0 மீட்டர் கோட்டைக் கரை என்று நம்பி வெட்டினால் இன்னாக்செசிபிளில் பாதிக்கு மேல் காணாமல் போகும். இஜிஎம்2008 ஜியாய்டு உயரத்தை (நீள்கோளத்திலிருந்து சராசரிக் கடல்மட்டத்தின் உயரம்) மென்பொருளின் ராஸ்டர் கால்குலேட்டரில் முதலில் கழித்துவிட வேண்டும். அந்த மதிப்பு எதிர்மறை எண் என்பதால் கழித்ததும் உயரம் கூடும். குறைந்தால் குறி மாறிவிட்டது.

அடுத்தது வீழல், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை. ரீமா வருவது 3031 என்ற குறியெண் கொண்ட துருவ வீழலில். அது 71° தெற்கில்தான் சரியளவு. 77°40′-இல் நீளம் சுமார் 1.6 சதவீதம் குறையும், வடக்கும் ஏறக்குறைய கீழ்நோக்கி இருக்கும். யூடிஎம் 58 தெற்கு என்ற வீழலுக்கு (குறியெண் 32758) மாற்றினால் இரண்டும் தீரும். மாற்றும்போது சுற்றியுள்ள புள்ளிகளைச் சராசரியாக்கும் பைலீனியர் முறையே நல்லது. அருகுப்புள்ளி முறையில் கோடுகள் படிக்கட்டாகிவிடும்.

கரையை ரீமாவிலிருந்து எடுக்க முடியாது, கடற்பனியும் அதில் தரையாகவே பதிவாகும். பிப்ரவரி மாத லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படத்தின் பான்குரோமேட்டிக் (கருப்பு-வெள்ளை) பட்டை உதவும். ஒரு புள்ளி 15 மீட்டர், அதாவது மாதிரியில் 1.5 மி.மீ.; பிழை அவ்வளவு இருக்கும். பழைய படம் தேடுவோர் 2000-க்கு அடுத்த சில ஆண்டுகளைத் தவிர்க்கலாம். அப்போது பி-15 என்ற மிதக்கும் பனிப்பாறையின் துண்டுகள் அடைத்து நின்றதால் கடற்பனி கோடையிலும் வெளியேறவில்லை.

ஒவ்வொரு அட்டையிலும் மேலடுக்கின் எல்லையைப் புள்ளிக்கோடாக அச்சிட்டால் ஒட்டும்போது நகராது. பசையை மெல்லப் பூசி, இரவு முழுக்கப் பாரம் வைக்க வேண்டும். ஈரம் கூடினால் அட்டை வளையும்.

ரேசர்பேக் இரண்டும் பெயருக்கேற்ற கத்திமுதுகு. 2 மி.மீ.க்குக் குறுகிய துண்டுகள் வெட்டும்போதே பிரிகின்றன. வெட்டுமுன் அந்த இடத்தில் நீர்த்த சூப்பர் க்ளூ ஊறவைத்தால் ஓரம் நிற்கிறது.

வண்ணம் பாக்கி. இன்னாக்செசிபிளில் பனி அநேகமாகத் தங்குவதேயில்லை. அதற்கு வெள்ளை வேண்டாம், எரிமலைப் பாறையின் கருப்பு மட்டும்.