காப்பியைக் கொட்டையாகவே வாங்குங்கள்

மாஞ்சோலை மலை என்றால் நம்ம திருநெல்வேலியில் எல்லோருக்கும் தேயிலைதான் நினைவுக்கு வரும். நல்ல காப்பிக்கு நான் கைகாட்டுவது வத்தலக்குண்டுக்கு மேலே, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கிற சம்சாரிகள் அங்கே நிறைய. சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு நிழலில் காப்பிச் செடி, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, ஊடே மலைவாழை.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இப்போது அங்கிருந்துதான் கொட்டை பார்சலில் வருகிறது. விலை கூடத்தான். ஆனால் அவர்கள் படுகிற பாட்டைப் பாருங்கள்: ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்தே கிடக்கும், பழத்தை மட்டும் கையால் ஆய்ந்து எடுக்க வேண்டும், மிச்சத்துக்கு அதே செடிக்கு மறுபடி வரவேண்டும், பறித்த அன்றைக்கே தோலை நீக்கி, ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவிக் காயப்போட வேண்டும். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டைதான் தேறும், வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். இத்தனைக்கும் அப்புறம் வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையைப் போட்டால், பத்துத் தோட்டத்துக் கொட்டையோடு கலந்து யார் விளைவித்தது என்பதே தெரியாமல் போகிறது. விளைந்ததை மத்திய அரசின் காப்பி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் 1996-லேயே போய்விட்டது, நமக்கு நேராக விற்க அவர்களுக்கு இப்போது தடை இல்லை. வாங்கத்தான் ஆள் வேண்டும்.

பொடியாக ஏன் வேண்டாம் என்கிறேன்? பொடியில் சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடித்ததை நம்புவதைத் தவிர வழியில்லை. கொட்டையைக் கையில் கொட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அராபிகா என்ற காப்பி வகை சற்று நீளமாக, நடுக்கோடு வளைந்து இருக்கும். ரொபஸ்டா என்ற வகை உருண்டை, கோடு நேராக ஓடும். இரண்டாகப் பிளக்காமல் பட்டாணி மாதிரி முழு உருண்டையாக இருந்தால் அது பீபெர்ரி. பூச்சி துளைத்த கொட்டையும் கருகியதும் தனியாகத் தெரியும்.

வாங்கும்போது வறுத்த தேதியைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவு போதும். அரைக்கத் தனி மெஷின் வேண்டியதில்லை, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால் சரி, ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி மணம் போய்விடும். காலையில் தேவையானதை மட்டும் அரைத்து ஃபில்டரில் போடுங்கள்.

மலையில் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் புதுக் கொட்டை கிடைக்கும். முதலில் கால் கிலோ கேளுங்கள், பிடித்திருந்தால் அதே தோட்டத்திலேயே தொடர்ந்து வாங்குங்கள், தயவுசெய்து அவர்களிடம் பேரம் பேசாதீர்கள்.