ரிஜிஸ்டரில் ஒளிந்திருந்த பாம்புகள்

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அறிவிக்கவேண்டிய நோயாக்கினார்கள். 1939ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பார்த்த கேஸைச் சொல்லியாக வேண்டும். டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நான் டியூட்டி டாக்டர். கேஷுவாலிட்டி கணக்கை ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றவேண்டியதுதானே, அரை மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நைட் டியூட்டியில் கூட்டம் ஓய்ந்ததும் முந்தின மாத ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘பாம்புக்கடி’ என்று தெளிவாக எழுதியிருந்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ‘அன்னோன் பைட்’, ‘பூச்சிக்கடி’. ஒரு இடத்தில் வெறுமனே ‘வலது கால் வீக்கம்’. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. இருட்டில் வரப்பில் ஏதோ சுருக்கென்றது என்று வருகிறவருக்கே என்ன கடித்தது என்று தெரியாது. நாங்கள் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது என்று பிடிபடும். ஆனால் அது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். ரிஜிஸ்டரில் நிற்பது, நோயாளி வாசலில் சொன்ன முதல் வரி மட்டும்.

அதைவிட மோசம் கட்டுவிரியன். பெயரில் விரியன் இருந்தாலும் இதன் விஷம் ரத்தத்தை அல்ல, நரம்பைத் தாக்கும். பழைய பக்கம் ஒன்றில் விடியற்காலை நாலரை மணிக்கு ‘வயிற்று வலி, வாந்தி’ என்று ஒருவர். அன்று நான்தான் டியூட்டி, அதனால் ஞாபகம் இருந்தது. ‘ராத்திரி நல்லாத்தான் சார் படுத்தாரு’ என்று அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பில் கடித்த தடமே இல்லை, ரத்தமும் ஒழுங்காக உறைந்தது. கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் தொங்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. தரையில் படுத்திருந்தவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போயிருக்கிறது. விஷமுறிவு மருந்தை ஏற்றி, மூச்சுக்குப் பையை அழுத்திக்கொண்டே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் ரிஜிஸ்டரில் அவர் இன்றைக்கும் வயிற்று வலிதான்.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. அது வீட்டு வாசலில் போய்க் கேட்டு எடுத்த கணக்கு. ஆஸ்பத்திரிக் கணக்கு அதன் பக்கத்தில்கூட ஏன் வருவதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று தேசியத் திட்டம் சொல்கிறது. எதில் பாதி?

சரி, கணக்கை ஏற்றும் வேலைக்கு வருவோம். முன்பெல்லாம் பி ஃபார்ம் என்கிற நோய்க் கணக்குப் படிவம் பேப்பரில் வாரம் ஒருமுறை போகும், இத்தனை கேஸ் என்று எண்ணிக்கை மட்டும். இப்போது ஐ.எச்.ஐ.பி. என்கிற அரசின் நோய்க் கண்காணிப்பு போர்ட்டலில் ஆள் ஆளாக, ஊரோடு ஏற்ற வேண்டும். லாகின், பாஸ்வேர்ட் தொல்லையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. என்னை மடக்கியது ஊர்ப் பெயர். பட்டியலில் இருப்பது கிராமத்தின் பெயர். நோயாளி சொல்வதோ கீழத்தெரு, புதுமனை, களத்துமேடு. கம்ப்யூட்டரில் ஏற்றுகிற தம்பி தெரியாததையெல்லாம் எங்கள் டவுன் பெயரிலேயே போட்டிருந்தான். அதை நம்பினால், பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான் பாம்பு அதிகம்! கடைசியில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம செவிலியர் அக்கா ஒருவர், எந்தக் குக்கிராமம் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். அதை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினோம்.

அப்புறம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன், என் செலவில்தான். கடித்த நேரம், கடித்த இடம் வீடா வயலா, எந்த ஊர், எங்கே படுத்திருந்தார், ரத்தம் உறைந்ததா என்று ஐந்து வரி. மாமியார் வீட்டில் கடிபட்டவருக்கும், அறுவடை மிஷினோடு வெளி மாவட்டத்திலிருந்து வந்தவருக்கும் ஆதார் முகவரியை எழுதினால் பாம்பு இருக்கிற ஊர் எப்படித் தெரியும்? ‘இருக்கிற எழுத்து வேலை போதாதா சார்’ என்று சிஸ்டர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். நியாயம்தான். பாம்புக்கடிக்கு ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு வேறு போட வேண்டும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் சொல்ல வேண்டும்.

மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபர் செய்த கேஸ்தான் இன்னும் சரியாகவில்லை. நாங்களும் ஏற்றுகிறோம், அங்கேயும் ஏற்றுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு கடி. அவர் அங்கே இறந்துபோனால் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பார். இப்போதைக்கு வாரம் ஒருமுறை போன் போட்டுப் பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போன வாரம் விடியற்காலையில் ஒரு பையனை வயிற்று வலி என்று கொண்டுவந்தார்கள். நான் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் சிஸ்டர் சீட்டில் ஸ்டாம்ப் குத்தியிருந்தார். நாலாவது வரியில் ‘தரை, பாய்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.