அரளிக்குப் பின்னால் ஒரு எக்ஸ்எல்

சாலைப் பாதுகாப்புத் தணிக்கைதான் என் வேலை. விபத்து நடந்த பிறகு போய் நிற்பது அல்ல. எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுப்பது. ஒரே இடத்தைப் பகலிலும் பார்க்க வேண்டும், இருட்டிய பிறகும் பார்க்க வேண்டும்.

சமீபத்தில் பார்த்தது திருச்சி சாலையில் ஒரு நால்வழிப் பகுதி. ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் எதிர்ப்பக்கம். நடுவே மீடியனில், அதாவது இரு பக்கச் சாலையையும் பிரிக்கிற நடுத்திட்டில், ஒரு திறப்பு, மீடியன் நெடுக அரளி. எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க அரளி நல்ல ஏற்பாடுதான். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு கடிக்காது. ஆனால் அங்கே திறப்பின் விளிம்பு வரைக்கும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

பெரியவர் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டோடு வந்தார். முதல் பாதியைக் கடந்து திறப்பில் நின்று இடது பக்கம் எட்டிப் பார்த்தார். இலைதான் தெரிந்தது. வண்டியை இன்னும் கொஞ்சம் உருட்டினார். முன்சக்கரம் சாலைக்குள் போன பிறகுதான் அவருக்கு வருகிற வண்டி தெரிகிறது. மீடியனை ஒட்டிய தடம்தான் கார்கள் பறக்கிற தடம்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற டிரைவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி என்று நம் விதிமுறை கணக்கு வைத்திருக்கிறது. அதற்குள்ளேயே கார் 70 மீட்டர் வந்துவிடும். முழுசாக நிற்க 180 மீட்டர் வேண்டும். பெரியவருக்கு அங்கே 40 மீட்டர்கூடத் தெரியவில்லை.

நாளைக்கு அங்கே ஒருவர் அடிபட்டால் எஃப்ஐஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்ததாக எழுதுவார்கள். வேகம் உண்மையாகவே இருக்கலாம். அரளியைப் பற்றி ஒரு வரி வராது, அரளியும் அப்படியே நிற்கும். எனக்கு ஆற்றாமையே இதுதான்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் ‘பிளாக் ஸ்பாட்’ பட்டியலில் ஏற, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ரத்தம் சிந்திய இடங்களுக்கு அந்தப் பட்டியல் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு எதற்கு ஐந்து குடும்பம் அழ வேண்டும்?

ஐராப் என்ற சர்வதேச முறை இப்படிக் காத்திருப்பதில்லை. சாலையை 100 மீட்டர் துண்டுகளாக்கி, வளைவு, ஓரம், தடுப்பு, நடைபாதை எல்லாவற்றையும் பதிந்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தருகிறது. காரில் போகிறவர், இருசக்கர வண்டிக்காரர், சைக்கிள்காரர், நடப்பவர் என நால்வருக்கும் தனித்தனி மதிப்பெண். காருக்கு நல்ல நட்சத்திரம் வாங்கிய சாலையே நடப்பவருக்கு ஒற்றை நட்சத்திரமாக இருக்கலாம். அந்த ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓரத்தையும் சேர்த்து ஒரு பாதியைக் கடக்க வயசான அம்மாவுக்கு 9 வினாடி ஆகும். அதற்குள் கார் 250 மீட்டர் வந்துவிடும்.

உடனே நடைமேம்பாலம் கேட்பார்கள். முட்டி வலியோடும் ரேஷன் அரிசியோடும் யார் அத்தனை படி ஏறுவார்கள்? என் சிபாரிசு, நடப்பவருக்கும் இருசக்கர வண்டிக்கும் ஒரு சுரங்கப்பாதை. அது வர நாளாகும். அரளியை வெட்ட ஒரு நாள் போதும். திறப்பிலிருந்து வண்டி வருகிற திசையில் 180 மீட்டருக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் விடக்கூடாது, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்ப வெட்ட வேண்டும். அப்புறம் வேகம் குறைக்கும் பட்டைக்கோடுகள், ஒரு உயர்கோபுர விளக்கு. அறிக்கையில் இந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டு அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பிரிவைப் பயன்படுத்தவும் அரளி நின்றதற்கு யாராவது ஆதாரம் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு திறப்பு இருந்தால், சாலை ஓரத்தில் பத்திரமாக நின்று தேதியோடு படம் எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்து சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிற கிலோமீட்டர் கல்லின் எண்ணை மறக்காமல் சேருங்கள். அது இல்லாத புகாரை வைத்துக்கொண்டு ஆட்களால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.