காற்றுப் போகாத டப்பா

முதலில் வந்தது சத்தம்தான். மூன்றாவது கியரில் வேகம் எடுக்கும்போது, ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 3,500ஐத் தொடும் நேரத்தில், 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் காருக்குள் நிறையும். காதில் கேட்பதைவிட நெஞ்சில் அதிர்வதுதான் அதிகம். 4,000 தாண்டினால் அடங்கிவிடும். ஒன்பது வருடம் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். வயதாகிவிட்டது, முனகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. சத்தம் ஒரு கோளாறு, விளக்கு இன்னொரு கோளாறு என்றுதான் நான் நினைத்தேன். ஒர்க்‌ஷாப்பிலும் அப்படியே நினைத்தார்கள். சத்தத்துக்கு, எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்ட்டை மாற்றினார்கள். பழையதில் ரப்பர் கிழிந்து தொங்கியதைக் காட்டவும் செய்தார்கள். விளக்குக்கு ஸ்கேனரைச் சொருகினால் பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். காற்றை அளக்கும் சென்சாரைச் சுத்தம் செய்து, பிழை எண்ணை அழித்து அனுப்பினார்கள். நான்காம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது. முனகலோ போகவே இல்லை.

அப்புறம்தான் சிறிய ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கி, ஃபோனில் இணைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் நான் கவனித்தது ஃப்யூவல் டிரிம் என்ற எண்ணை மட்டும்தான். கணக்கிட்ட அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ எஞ்சின் கணினி சமாளிக்கிறது என்பதை அது சொல்லும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 5 சதவீதம் கூடுதல். சரி, இது ஒன்றும் பெரிதல்ல. ஆக்சிலரேட்டரை மிதித்து 3,000இல் நிறுத்தினால் 20ஐத் தாண்டியது.

இந்த ஏறுமுகம்தான் துப்புக் கொடுத்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறந்து காற்றை விடும் கதவுதான் த்ராட்டில். அதற்கு அந்தப் பக்கம், அதாவது எஞ்சின் பக்கம், எங்காவது காற்றுக் கசிந்தால் ஐடிலில்தான் எண் மோசமாக இருக்கும். வேகம் கூடக்கூடக் குறையும். ஏனென்றால் த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் அங்கே உறிஞ்சல் பலமாக இருக்கும். எனக்கு நேர்மாறாக இருந்தது. அப்படியென்றால் கசிவு த்ராட்டிலுக்கு முன்னால், காற்றை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் இருக்க வேண்டும். என் காரில் அந்த இடைவெளியில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு டப்பா.

பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, டப்பாவை இரண்டு கையாலும் அமுக்கினேன். அடிப்பக்கத் தையலில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன், பழுப்பாக வந்தது. ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் புழுதி! அன்றைக்கு விளக்கைவிட இதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுவா சார்? இது சும்மா டப்பா. ஒரு பக்கம்தான் ஓட்டை, காற்று இதுக்குள்ள போறதே இல்லை. கழட்டிப் போட்டுட்டு ஓட்டையை அடைச்சிடலாம். பிக்கப்பும் நல்லா இருக்கும்" என்றார். "அப்புறம் எதுக்குண்ணே இதை வெச்சாங்க?" என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, ஒரு ரப்பர் மூடியும் கிளாம்ப்பும் எடுத்து வந்தார்.

விளக்கு அணைந்தது. மூன்று நாளில் டிரிம் எண் 3க்குள் வந்தது. மனிதர் சொன்னது சரிதானே என்று தோன்றியது. ஆனால் முனகல் முன்பைவிட இரண்டு பங்கு ஆகிவிட்டது. பிக்கப்பில் எந்த மாற்றமும் இல்லை. சத்தம் கூடினால் வண்டி சீறுவதுபோல ஒரு பிரமை வரும், அவ்வளவுதான்.

கழற்றியதும் சத்தம் கூடுகிறது என்றால் அந்த டப்பாவுக்குச் சத்தத்தோடு ஏதோ உறவு இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து, கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். உள்ளே பஞ்சு இல்லை, வால்வு இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு குட்டைக் கழுத்து, பின்னால் வெறும் வயிறு. பாட்டில்தான் இது! காலி பாட்டில் வாயின் குறுக்கே ஊதினால் 'பூம்' என்று ஒரே சுருதியில் ஒலிக்குமே, அந்த வடிவம். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட வெற்றுக் கோளங்களைக் காதில் வைத்து, கலவையான ஒலியிலிருந்து ஒரு குறிப்பிட்ட சுருதியை மட்டும் பிரித்துக் கேட்டார். ஒரே சுருதிக்கு மட்டும் அதிரும் இந்த வகை ரெசனேட்டருக்கு இன்றும் அவர் பெயர்தான்.

எஞ்சின் காற்றை ஒரே சீராக உறிஞ்சுவதில்லை. வால்வு திறக்கும்போது இழுக்கிறது, மூடும்போது வந்துகொண்டிருந்த காற்று முட்டி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி, காற்று நுழையும் வாயில் சத்தமாக வெளியே வருகிறது. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு உறிஞ்சல். 3,500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு சுமார் 58 சுற்று, ஆக நொடிக்கு 117 உறிஞ்சல், அதாவது 117 ஹெர்ட்ஸ். தம்பியை ஓட்டச் சொல்லி, ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஆப் ஒன்றை ஃபோனில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். முனகல் உச்சத்துக்கு வந்தபோது 117க்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் எழுந்து நின்றது.

அடுத்தது டப்பாவின் சுருதி. தண்ணீர் ஊற்றி அளந்ததில் கொள்ளளவு 3 லிட்டர். கழுத்தின் உள்விட்டம் 4 செ.மீ., நீளம் 6 செ.மீ. கழுத்துக்கு வெளியே இரு முனையிலும் கொஞ்சம் காற்று சேர்ந்து அசையும் என்பதால் நீளத்தை 9 என்று எடுக்க வேண்டும். கழுத்தின் பரப்பை, கொள்ளளவும் நீளமும் பெருக்கிய தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, 2πஆல் வகுத்தேன். 118 வந்தது. கணக்கைத் தப்பாகப் போட்டு விடையைப் பொருத்திவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் போட்டேன். அதே 118. பானட்டுக்குள் காற்று சூடாக இருக்கும்போது ஒலி வேகமாகப் போகும், ஆகவே சுருதி கொஞ்சம் மேலே ஏறும். ஆனாலும் 3,500ஐ ஒட்டித்தான் நிற்கும்.

கழுத்தில் இருக்கும் காற்று ஒரு எடைக்கல் மாதிரி, வயிற்றில் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி. குழாயில் அந்தச் சுருதியில் அலை வரும்போது எடைக்கல் ஆடத் தொடங்கும். அழுத்தம் ஏறும் நேரத்தில் காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும், இறங்கும் நேரத்தில் வெளியே தள்ளும். அலை அங்கேயே எதிர்ப்பட்டுத் திரும்பிவிடும், வாய் வரை போகாது. காற்று இதற்குள் போவதே இல்லை என்று மெக்கானிக் சொன்னது உண்மைதான். கடந்து போகத் தேவையில்லை, வாசலில் நின்று ஆடினால் போதும். 117 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். அதைப் பஞ்சு வைத்து உறிஞ்சப் பார்த்தால் பானட்டே பத்தாது. இந்த டப்பாவின் குறை என்னவென்றால், தன் சுருதியை ஒட்டிய சத்தத்தை மட்டும்தான் அடக்கும். அதனால்தான் சில கார்களில் வேறுவேறு அளவில் இரண்டு மூன்று வைத்திருக்கிறார்கள்.

என் காரின் கதையும் இப்போது ஒன்றாகிவிட்டது. பிளவு வழியாக அளக்கப்படாத காற்று நுழைந்தது, விளக்கு எரிந்தது. அதே பிளவு டப்பாவுக்கு இரண்டாவது வாயாகி அதன் சுருதியைக் கெடுத்தது, முனகல் வந்தது. மூடி போட்டு அடைத்தபோது முதலாவது தீர்ந்தது, இரண்டாவது முற்றியது.

ஒட்டிப் பார்க்காமல் விடுவேனா? எபாக்சி போட்டேன். பத்தே நாளில் தோல்போல உரிந்து வந்தது. டப்பாவின் அடியில் 'பிபி' என்று அச்சாகியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டியது ஒரு மாதம் தாங்கியது. கடைசியில் புதிதாகவே ஆர்டர் செய்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் டப்பா, கழுத்து நீளம் வேறாக இருந்தால் வேறு சுருதிக்கானது. பாகத்தின் எண்ணை ஒப்பிட்டு வாங்க வேண்டும். மாட்டுவது பத்து நிமிட வேலை. கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பழையதிலிருந்து எடுத்துப் போடாமல் புதிதாகப் போட்டேன்.

மாட்டிய அன்றே அதே சாலையில், அதே மூன்றாவது கியரில் ஓட்டிப் பார்த்தோம். 3,500இல் அந்தக் கோபுரம் சின்ன மேடாகிவிட்டது. டிரிம் 2இல் நிற்கிறது.

பழைய டப்பாவை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். தையல் ஒட்டியிருந்த விதத்தில் குறை தெரியவில்லை. எஞ்சின் பக்கம் இருந்த விளிம்பு மட்டும் இழுபட்டு வெளுத்திருந்தது. குழாயின் ஒரு முனை, ஃபில்டர் இருக்கும் அசையாத ஏர் பாக்ஸில், மறுமுனை எஞ்சினில். மவுண்ட் கிழிந்து எஞ்சின் ஆடியபோதெல்லாம் இந்தத் தையல்தான் இழுபட்டிருக்கிறது. சத்தத்துக்காக மவுண்ட்டை மாற்றியவர்களை மனதுக்குள் நிறையத் திட்டியிருந்தேன். அந்தச் செலவு தண்டம் இல்லை போலிருக்கிறது.