எபாக்ஸி கோவிங்: சுவரின் அடியில் அரையடிதான் எல்லாம்

தரையும் சுவரும் சேரும் மூலைக்குள் துடைப்பம் போகாது, மாப் போகாது. தண்ணீரும் அழுக்கும் மட்டும் போகும். அந்த மூலையை எபாக்ஸியும் மணலும் சேர்ந்த கலவையால் உள்வளைவாக நிரப்பி மூடுவதுதான் கோவிங். எபாக்ஸி என்பது ரெசின் என்ற பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் சேர்ந்தது. புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை பக்கத்து மருந்து, உணவுக் கம்பெனிகள், ஆபரேஷன் தியேட்டர்கள், கடலூர் முதுநகரில் மீன் கையாளும் கூடங்கள் எல்லாவற்றுக்கும் இது தேவை. 2023 டிசம்பரில் திருத்தி வெளியிட்ட மருந்து விதிகளின் 'எம்' அட்டவணை, உற்பத்தி நடக்கும் அறையின் தரையும் சுவரும் வழுவழுப்பாக, விரிசல் இல்லாமல், சுலபமாகக் கழுவும்படி இருக்க வேண்டும் என்கிறது. செங்கோண மூலையை வைத்துக்கொண்டு ஆய்வுக்கு வருபவரிடம் இதை நிரூபிப்பது கஷ்டம்.

எந்த ரெசின் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ரெசினால் வேலை கெடுவது குறைவு. நம் பக்கத்தில் பெயர்ந்து விழுந்த கோவிங்கை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், முதுகில் சுவர்ப் பூச்சு ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சில இடத்தில் வெள்ளைப் பட்டியே ஒட்டியிருக்கும். ரெசின் தன் பிடியை விடவில்லை, சுவர்தான் விட்டது.

ஆகவே முதலில் சுவர். கோவிங்கின் மேல்விளிம்பு எங்கே வரும் என்று ரசமட்டம் வைத்து நூல் அடித்துக்கொள்ளுங்கள். தரைக்கு வாட்டம் இருந்தால் கோடு தரையைத் தொடர வேண்டுமா, மட்டமாகப் போக வேண்டுமா என்பதை அப்போதே பேசி முடிவெடுக்க வேண்டும். கோட்டின்மேல் கிரைண்டரால் 3, 4 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல். அதற்குக் கீழே பெயிண்ட், பிரைமர், பட்டி எல்லாவற்றையும் கிரைண்டரில் கப் வீல் (தேய்க்கும் சக்கரம்) போட்டு சிமென்ட் பூச்சு தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். எமல்ஷன் மேலேயே ஒட்டிவிடலாம் என்று சொல்லும் காண்டிராக்டரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு சுத்தியல் கைப்பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் செங்கல்வரை வெட்டி எடுக்க வேண்டிய இடம். அங்கே 1:3 சிமென்ட் கலவையில் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (ஒட்டுதலைக் கூட்டும் ரப்பர் பால்) சேர்த்துப் பூசி, ஆறவிட்டு, காயவிட வேண்டும். புதுப் பூச்சுக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் 28 நாள் என்பதைச் சுருக்கினால் உள்ளே தங்கிய ஈரம் பின்னால் வெளியே வரப் பார்க்கும்.

ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்தான் கடற்கரை ஊரின் பெரிய தலைவலி. சுவரின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும், காய்ந்ததும் திரும்ப வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் நின்ற கட்டடமென்றால் மேலே காய்ந்திருப்பதை நம்பக் கூடாது. 45 செ.மீ. சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, அடியில் தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தால் 4 சதவீதத்துக்குக் கீழே வரட்டும்.

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பகுதி வீடுகளை பேக்கரி, கஃபே சமையலறையாக மாற்றுகிறார்கள். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, மண்ணின் ஈரத்தை இழுத்து மேற்பரப்பு வழியாக விட்டுக்கொண்டே இருப்பவை. அதன் அடியை எபாக்ஸியால் அடைத்தால் ஈரம் நிற்காது. கோவிங்குக்கு மேலே ஏறி, அங்கே இருக்கிற பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். ஓதத்தைத் தடுக்க முடியாத சுவரில் கருங்கல் ஸ்கர்ட்டிங்கே மேல் என்பது என் கருத்து.

அடுத்து வானிலை. தரையின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அறை 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 24.3. அப்படியானால் தரை 27.3 டிகிரியாவது இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் விடிகாலை சிமென்ட் தரை அதைவிடக் குளிர்ந்துதான் கிடக்கும். ஏ.சி. அறையில் வேறொரு தொல்லை: வேலைக்காக ஏ.சி.யை நிறுத்திக் கதவைத் திறந்ததும் கடல்காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிடும். இந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஹார்ட்னரின் அமீன் சேர்ந்து, மேலே மெழுகு தடவினாற்போல் பிசுபிசுக்கும். அதை அமீன் பிளஷ் என்பார்கள். தின்னரால் துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்கிரப் பேட் போட்டுக் கழுவி, உலரவிட்டு, உப்புத்தாள் தேய்த்த பிறகுதான் அடுத்த கோட்.

தரை முதலா, கோவிங் முதலா என்பதற்கு என் பதில்: ஊற்றினால் தானே மட்டமாகும் செல்ஃப் லெவலிங் தரையென்றால் கோவிங் முதலில். வளைவின் கீழ்நுனி தரையில் கத்தி முனையாக மெலிந்து முடியும். மெலிந்த இடத்தில் டிராலி சக்கரம் ஏறினால் சில்லு சில்லாக உடையும். பின்னால் ஊற்றும் 2, 3 மி.மீ. ரெசின் அந்த நுனியைப் புதைத்துவிடும். பழைய தரையை வைத்துக்கொண்டு கோவிங் மட்டும் செய்வதென்றால், நுனி வரும் இடத்தில் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி வெட்டி, கலவை அதற்குள் இறங்கி முடியும்படி செய்ய வேண்டும்.

அளவுக் கணக்கு சுலபம். ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்கி, 0.215ஆல் பெருக்கினால் வளைவின் வெட்டுப்பரப்பு. 50 மி.மீ. ஆரத்துக்கு மீட்டருக்கு 0.54 லிட்டர், கலவையின் அடர்த்தி 2 என்று வைத்தால் 1.1 கிலோ போல. 75 மி.மீ.க்கு 2.4 கிலோ, 100 மி.மீ.க்கு 4.3 கிலோ. ஆரம் இரண்டு மடங்கானால் சரக்கு நாலு மடங்கு. விலை பேசும்போது பலர் இடறுவது இங்கேதான். விளிம்பின் கனத்துக்கும் சேதாரத்துக்கும் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 6க்கு 4 மீட்டர் அறை, ஒரு மீட்டர் கதவு கழித்தால் 19 மீட்டர், 50 மி.மீ. கோவிங்குக்கு 25 கிலோ கலவை. எடையில் ஒரு பங்கு பைண்டருக்கு ஏழு பங்கு மணல் என்றால், ரெசினும் ஹார்ட்னரும் சேர்த்து 3 கிலோவுக்குச் சற்று மேல், மீதி மணல்.

மணல் என்பது மூட்டையில் வரும் உலர்ந்த குவார்ட்ஸ், பொடியும் பருவட்டும் கலந்தது. ஆற்றுமணல் கூடாது. கடல்மணலைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரித்த மூட்டையை இரவெல்லாம் திறந்து போட்டால் நம் ஊர்க் காற்றில் அதுவும் ஈரம் இழுக்கும்.

ரெசினையும் ஹார்ட்னரையும் மெதுவாகச் சுற்றும் டிரில்லில் 3 நிமிடம் கலக்கி, வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்து, மறுபடி ஒரு நிமிடம் கலக்குங்கள். வழிக்காமல் விட்டது அப்படியே கலவைக்குள் போனால் அந்த இடம் ஒரு வாரம் கழித்தும் நகம் இறங்கும் அளவுக்கு மிருதுவாகவே இருக்கும். கண்மதிப்பில் பாதி டின் ஊற்றுவதும் இதே வினையில்தான் முடியும். பிரித்தே ஆக வேண்டுமென்றால் டிஜிட்டல் தராசு வேண்டும். பைண்டர் எடையில் 2 சதவீதம் ஃப்யூம்டு சிலிக்கா (மிக லேசான சிலிக்காப் பொடி) போட்டால் சுவரிலிருந்து வழியாது. 3 கிலோவுக்கு 60 கிராம்தான், ஆனால் பார்க்க ஒரு லிட்டர் மக் நிறைந்து வழியும். ஒரு தடவைக்கு 8 கிலோ கலவை போதும், 6 மீட்டர் வரும். மே மாதத்தில் அதையும் பாதியாக்குங்கள். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கல்லாகிவிடும், தட்டில் பரப்பி வையுங்கள்.

பிரைமர் அடித்து, விரலில் ஒட்டும் ஆனால் நூல் இழுக்காத பதத்தில் கலவையை வைக்க வேண்டும். பிரைமர் முழுதும் காய்ந்துவிட்டால் உப்புத்தாள் தேய்த்து மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. கையுறைக் கையால் கலவையை மூலைக்குள் அழுத்தி, காற்றில்லாமல் அடைத்து, வளைந்த கோவிங் கரணையால் ஒரே திசையில் மீட்டர் நீளத்துக்கு இழுங்கள். முன்விளிம்பு சற்றே தூக்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் கலவையைச் சுரண்டிக்கொண்டு போகும். கரணை கிடைக்காவிட்டால் 110 மி.மீ. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் நாலாக அறுத்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டால் 55 மி.மீ. ஆரம் கிடைக்கும். சின்ன வேலைக்கு அது தாராளம்.

கரணை ஒட்டாமல் இருக்கத் தின்னர் நனைத்த துணியால் துடைப்பது வழக்கம். துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. சொட்டினால் ரெசின் கீழே கழுவிப்போய், மேலே வெறும் மணல் நிற்கும். மறுநாள் உள்ளங்கையால் தடவினால் அது உதிர்வது தெரியும். உள்மூலையில் இரண்டு பக்கக் கோவிங்கும் சேரும் இடத்தைக் கடைசியாக விட்டு, சிறு கரண்டி அல்லது கையுறை விரலால் கிண்ணம்போல் குழித்து முடிக்க வேண்டும். மேல்விளிம்பின் மாஸ்கிங் டேப்பைக் கலவை இறுகுவதற்கு முன்பே, சுவரிலிருந்து சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் விளிம்பு பல்பல்லாகப் பிய்ந்து வரும்.

இவ்வளவு மணல் போட்ட கலவையில் நுண்துளை இருந்தே தீரும். மறுநாள் கெட்டியான ரெசினால் ஒரு சீல் கோட், லேசாக உப்புத்தாள், அதன்மேல் தரைக்குப் போடும் டாப் கோட் இரண்டு முறை. சீல் கோட்டைத் தவிர்த்துவிட்டு டாப் கோட்டிலேயே மூடிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் ஊசித்துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். 24 மணி நேரத்தில் நடக்கலாம், தண்ணீர் விடுவதற்கு 3 நாள், அமிலம், பினாயில் எல்லாம் 7 நாளுக்குப் பிறகு.

கொதிநீரும் நீராவியும் படும் மீன், இறால், பால் கூடங்களில் எபாக்ஸி வேண்டாம். 60 டிகிரியை ஒட்டியே அது இளகத் தொடங்கும். அங்கே பாலியூரிதேன் கான்கிரீட் கோவிங் போட வேண்டும். இழுப்பதற்குக் கடினம், சீக்கிரம் இறுகும், பழகிய கை தேவை. பஃப் பேனல் (நடுவே ஃபோம் வைத்த தகடு) சுவர்களில் எந்தக் கலவையும் நிற்காது, பேனல் அசையும்போது கோடாக விரிந்துவிடும். அதற்கு அலுமினியக் கோவிங்கும் சீலண்டும்தான். தரையில் விரிவு இடைவெளி இருந்தால் அது கோவிங்கிலும் சுவர்வரை தொடர வேண்டும், பாலியூரிதேன் சீலண்டால் நிரப்ப வேண்டும். மூடி மறைத்தால் அதே இடத்தில் பிளக்கும்.

கொட்டேஷனில் 'கோவிங், ரன்னிங் மீட்டர்' என்று ஒற்றை வரி எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆரம் எத்தனை மி.மீ., பழைய பூச்சை வெட்டுவது யார் கணக்கு, காடி உண்டா, சீல் கோட் உண்டா, மூலைகளும் கதவு நிலை ஓரங்களும் தனியா சேர்த்தா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும்.